நகாசும் கந்தையும்: வங்கத்துக் காந்தா போர்வையின் வரலாறு

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழியைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. கந்தை என்றாலே நம் மனதில் தோன்றுவது வறுமைதான். கிழிந்த துணி, ஒட்டுப் போட்ட சேலை, யாரும் விரும்பி எடுத்து உடுத்தாத ஒன்று என்பதே அதன் பொருள். ஆனால் இதே சொல்லின் உடன்பிறப்பு ஒன்று வங்காளத்தில் முற்றிலும் வேறொரு வாழ்க்கை வாழ்ந்து வருகிறது. அங்கே அதன் பெயர் காந்தா. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் தைத்து, மேலே பூவும் பறவையும் யானையும் தேரும் வரைந்தது போல இழையோட்டிய போர்வையே காந்தா. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் பாதுகாக்கப்படும் இந்தக் 'கந்தை'யின் வரலாறு, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பல தலைமுறைப் பெண்களின் வரலாறும் ஆகும்.

சொல்லின் கதை

காந்தா என்ற வங்கச் சொல்லும் கந்தை என்ற தமிழ்ச் சொல்லும் 'கந்தா' என்ற வடசொல்லிலிருந்து வந்தவை. கிழிந்த துணி, ஒட்டுத் துணியால் ஆன ஆடை என்பது அதன் பொருள். படங்கள் தைக்கப்பட்ட சிறப்பான காந்தாவை வங்க மக்கள் 'நக்ஷி காந்தா' என்று அழைப்பர். நக்ஷி என்பது சித்திரம், வரைவு என்ற பொருள் தரும் 'நக்ஷா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அரபு, பாரசீக மொழிகளின் வழியாக இந்தியாவுக்கு வந்த இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று தமிழிலும் உண்டு. பொற்கொல்லர்களும் தச்சர்களும் சொல்லும் 'நகாசு வேலை'தான் அது. ஆக, நக்ஷி காந்தா என்பதைத் தமிழில் 'நகாசுக் கந்தை' என்றே சொல்லிவிடலாம். ஏழ்மையைக் குறிக்கும் ஒரு சொல்லும் அழகைக் குறிக்கும் ஒரு சொல்லும் கைகோத்து நிற்கும் இந்தப் பெயரிலேயே இக்கலையின் முழுப் பொருளும் அடங்கிவிடுகிறது எனலாம்.

வங்காளத்திலும் காந்தா என்றால் முதலில் ஏழ்மைதான். கிழிந்த காந்தாவில் படுத்துக்கொண்டு லட்ச ரூபாய்க் கனவு காண்பவன் என்று ஒரு பழமொழி அங்கே இன்றும் வழங்குகிறது. தகுதிக்கு மீறி ஆசைப்படுபவனைக் கேலி செய்யும் பழமொழி அது. அந்தக் கிழிந்த காந்தாவே ஒருநாள் பெருந்தொகைக்கு விலைபோகும் என்று அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

காந்தா எப்படித் தைக்கப்பட்டது?

காந்தாவுக்குத் தேவையான பொருட்கள் மிகவும் குறைவு. உடுத்தி உடுத்தி மென்மையாகிப்போன பருத்திப் புடவைகள், வேட்டிகள், ஓர் ஊசி, கொஞ்சம் நூல். அந்த நூலையும் கடையில் வாங்குவதில்லை. பழைய புடவையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வைத்துக்கொள்வார்கள். எனவேதான் பழைய காந்தாக்களில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மிகுதியாகக் காணப்படுகின்றன. புடவைக் கரையில் என்ன நிறம் இருந்ததோ அதுவே ஓவியத்தின் நிறமாகவும் ஆனது.

முதலில் துணிகளைத் துவைத்து, தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவி விடுவார்கள். அதன்மேல் அடுத்த துணி, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்குவார்கள். வெயில் காலத்துக்கு மெல்லிய காந்தாவென்றால் இரண்டு மூன்று அடுக்குகள் போதும். குளிர்காலத்துக்கு இன்னும் பல அடுக்குகள் வேண்டும். மூலைகளில் கனமான பொருள்களை வைத்து, அடுக்குகள் நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையல்களாக முதலில் ஒருமுறை தைத்துக்கொள்வார்கள். ஓரங்களை மடித்துத் தைத்த பிறகு உண்மையான வேலை தொடங்கும்.

அந்த வேலைக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் ஒரே ஒரு தையல்தான். ஊசி உள்ளே போய் வெளியே வந்து மீண்டும் உள்ளே போகும் மிக எளிய ஓட்டுத் தையல். இன்று ரன்னிங் ஸ்டிட்ச் என்று பள்ளிக்கூடத்தில் முதல் பாடமாகக் கற்றுத்தருவது இதைத்தான். இந்தத் தையலைக் கொண்டே உருவங்களின் எல்லைக்கோட்டைப் போட்டார்கள், உள்ளே வண்ணத்தை நிரப்பினார்கள், உருவங்களுக்கு இடையே இருந்த வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் தைத்தார்கள். ஓர் உருவத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வெள்ளைத் தையல் ஓடும்போது துணி லேசாகச் சுருங்கி மேடு பள்ளமாகிறது. குளத்தில் கல் எறிந்தால் பரவும் அலை போல அந்தத் துணி தோன்றும். காந்தாவின் தனி அடையாளம் இந்த அலைதான். அழகுக்காக மட்டும் போட்ட தையல் அல்ல இது. இந்தத் தையல்தான் அடுக்குகளை ஒன்றாகப் பிணைத்துப் பலமாக்குகிறது.

வீட்டு வேலை முடிந்த பிற்பகல்களிலும், வெளியே போக முடியாத மழைக்கால நாட்களிலும் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். ஒரு காந்தா முடிய மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் ஆகும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. இதற்குக் கூலி கிடையாது. பிறக்கப்போகும் குழந்தைக்கு, மணமுடித்துப் போகும் மகளுக்கு, ஊருக்குப் போகும் கணவனுக்கு என்று ஒவ்வொரு காந்தாவும் ஒருவருக்காகவே தைக்கப்பட்டது. தைத்தவருக்கு அதில் கிடைத்த இன்பமும் இதுவே. யார் போர்த்திக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தே ஒவ்வொரு தையலும் விழுந்தது.

வீட்டில் காந்தாவின் இடம்

காந்தா என்றால் போர்வை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வங்க வீடுகளில் அதற்குப் பல உருவங்கள் உண்டு.

லெப் என்பது குளிர்காலத்துக்கான கனத்த போர்வை. சுஜ்னி என்பது விழா நாட்களிலும் விருந்தினர் வரும்போதும் விரிக்கும் பெரிய விரிப்பு. புத்தகங்களையும் விலையுயர்ந்த பொருட்களையும் சுற்றி வைக்கும் சதுரத் துணிக்குப் பைதன் என்று பெயர். கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைப்பதற்கு ஆர்ஷிலதா. தலையணைக்கு ஓர் உறை. வெற்றிலை பாக்கும் காசும் வைத்துக்கொள்ள உறை போல மடித்த துர்ஜனி. பூசைக்கோ விருந்துக்கோ உட்காரப் போடும் ஆசனம். கைக்குட்டையாகிய ரூமால்.

பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவதும் காந்தாவில்தான். புதுத்துணி குழந்தையின் தோலை உறுத்தும். பலநூறு முறை துவைத்த பழம்புடவையின் மென்மை வேறு எதிலும் கிடையாது. தாயும் பாட்டியும் உடுத்திய துணி குழந்தையைக் கண்ணேறிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. நம் வீடுகளில் பாட்டியின் பழம்புடவையில் தொட்டில் கட்டுவதை நினைத்துப் பார்த்தால் இந்த உணர்வு எளிதில் புரியும்.

படங்கள் சொல்லும் பொருள்

பெரும்பாலான நக்ஷி காந்தாக்களின் நடுவில் ஒரு முழுத் தாமரை மலர்ந்திருக்கும். நான்கு மூலைகளிலும் நான்கு மரங்கள் அல்லது மாங்காய் வடிவிலான 'கல்கா'க்கள் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும். தாமரை வாழ்வையும் வளத்தையும் குறிப்பது. மரமும் அப்படியே. விழா நாட்களில் வீட்டுத் தரையில் அரிசி மாவால் வரையும் 'அல்பனா' கோலங்களிலும் இதே தாமரையையும் கொடியையும் காணலாம். தரையில் வரைந்தால் மறுநாள் அழிந்துவிடும் கோலத்தைப் பெண்கள் துணியில் நிலைக்க வைத்தார்கள்.

நடுவுக்கும் மூலைக்கும் இடையே உள்ள இடம்தான் தைப்பவரின் சொந்த இடம். அங்கே எதுவும் வரலாம். கண்ணனும் ராதையும் வருவார்கள். யானை, குதிரை, மயில், மீன் வரும். பாக்குவெட்டி, சீப்பு, நகைகள் வரும். பல்லக்கு, படகு, தேர் வரும். காலம் மாறியபோது ரயில் வண்டியும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும்கூட வந்தார்கள். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் காந்தா தைத்தார்கள். முஸ்லிம் வீடுகளில் பூவும் கொடியும் வடிவக் கோலங்களும் மிகுதி. ஆனால் தாமரையும் கல்காவும் இருவருக்கும் பொது.

வட்டாரத்துக்கு வட்டாரம் பாணியும் மாறியது. ஜெசூர் பகுதி நுணுக்கமான படக் காந்தாக்களுக்குப் பெயர்போனது. ராஜ்ஷாஹிப் பகுதியில் அலை போன்ற தையலால் ஆன 'லொஹொரி' காந்தா சிறப்பு. ஆங்கிலேயர் காலத்தில் கிராஸ் ஸ்டிட்ச் பழக்கமான பிறகு 'கார்ப்பெட் காந்தா' என்ற வகையும் தோன்றியது.

துறவியும் வணிகனும்

கந்தைத் துணிக்கு இந்த மண்ணில் ஓர் ஆன்மிகப் பொருளும் உண்டு. பௌத்த துறவிகள் வீசியெறிந்த துணிகளைப் பொறுக்கித் துவைத்து, ஒட்டுத் தைத்து உடுத்தினர். மகத நாட்டின் வயல்களைப் பார்த்த புத்தர், வரப்புகளால் பிரிக்கப்பட்ட அந்த வயல்களைப் போலவே துவராடையை அமைக்கும்படி ஆனந்தரிடம் சொன்னார் என்று விநய பிடகம் கூறுகிறது. இன்றும் பௌத்த துறவிகளின் ஆடையில் அந்த வயல் வடிவம் இருக்கிறது.

வைணவத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய சைதன்ய சரிதாமிருதம் என்ற வங்க நூல் அதைச் சொல்கிறது. சனாதன கோஸ்வாமி என்பவர் வங்க சுல்தான் ஹுசைன் ஷாவின் அமைச்சராக இருந்தவர். பதவியைத் துறந்து சைதன்யரைத் தேடிக் காசிக்கு வந்தார். அவர் தோளில் உறவினர் கொடுத்த விலையுயர்ந்த கம்பளி ஒன்று இருந்தது. சைதன்யர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கம்பளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சனாதனருக்குப் புரிந்துவிட்டது. கங்கைக் கரைக்குப் போனார். அங்கே வங்காளி ஒருவர் தன் பழைய காந்தாவைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். கம்பளியை அவரிடம் கொடுத்துவிட்டுக் காந்தாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு திரும்பினார். கேலி செய்கிறாரோ என்று அந்த வங்காளி முதலில் நம்பவே இல்லையாம். அமைச்சரை அடியாராக்கிய துணி அந்தக் காந்தா.

இதே காலகட்டத்தில் வங்கத் தையல் கடலையும் கடந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஹூக்ளி ஆற்றங்கரையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர், சாத்காவ் பகுதியில் பெரிய பெரிய விரிப்புகளைத் தைத்து வாங்கிச் சென்றனர். 'கொல்ச்சா' என்று அவர்கள் மொழியில் பெயர். வெள்ளைப் பருத்தித் துணியில் பொன்னிறக் காட்டுப்பட்டு நூலால் தைக்கப்பட்டவை இவை. விவிலியத்தில் வரும் சாலமோன் மன்னனின் தீர்ப்பும், கிரேக்க வீரர்களின் கதைகளும், போர்த்துக்கீசியக் கப்பல்களும் இவற்றில் இடம்பெற்றன. லண்டன், லிஸ்பன் அருங்காட்சியகங்களில் இவற்றை இன்றும் காணலாம். ஆனால் வீட்டுக் காந்தாவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொல்ச்சா சந்தைக்காகத் தைக்கப்பட்டது. காந்தா சந்தையைப் பார்க்காமலே வளர்ந்தது.

ஊசியே எழுதுகோல்

19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் உயர்குடிப் பெண்களுக்குக்கூடப் படிப்பு மறுக்கப்பட்டது. படித்த பெண் விதவையாவாள் என்ற மூடநம்பிக்கை பரவலாக இருந்தது. வங்க மொழியில் முதன்முதலில் தன்வரலாறு எழுதிய ராசசுந்தரி தேவி, புத்தகத்தின் ஓர் ஏட்டைச் சமையலறையில் ஒளித்துவைத்துத்தான் எழுத்துக்களைக் கற்றார். எழுதுகோலைத் தொடுவது குற்றமாக இருந்த காலத்தில் ஊசியைத் தொடுவதை யாரும் தடுக்கவில்லை. மாறாக, தையல் தெரிந்த பெண்ணைப் பாராட்டினார்கள். தாங்கள் கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் பதிவு செய்ய அந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஒரே வழி துணியாகவே இருந்தது.

இதற்கு மிகச் சிறந்த சான்று மானதாசுந்தரி தாசி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தைத்த காந்தா. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள் அது. தன் தந்தைக்காக அவர் அதைத் தைத்தார். வெள்ளைக்காரத் துரைகளும் சிப்பாய்களும் அதில் இருக்கிறார்கள். அவற்றோடு தன் பெயரையும், தந்தைக்கான காணிக்கை இது என்பதையும் அவர் எழுத்தாகவே தைத்து வைத்தார். மானதாசுந்தரியை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அந்தச் சில வரிகள்தான்.

பெயர் தைத்த காந்தாக்கள் மிகச் சில. பெயரில்லாதவையே மிகப் பல. அவற்றைத் தைத்தவர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வீழ்ச்சியும் சேகரித்தவர்களும்

ஆலைத் துணியும் மலிவான கம்பளிகளும் கிராமங்களை எட்டியபோது காந்தா தைக்கும் பழக்கம் குறையத் தொடங்கியது. படித்த குடும்பங்கள் ஐரோப்பியப் பாணிப் பூத்தையலை நாகரிகமாக நினைத்தன. பழைய காந்தாக்கள் பெட்டிக்குள் மக்கின. அப்படி அழிய இருந்தவற்றைக் காப்பாற்றியவர்களில் இருவர் முக்கியமானவர்கள்.

முதலாமவர் குருசதய் தத் (1882-1941). சில்ஹெட் பகுதியில் பிறந்து ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்க மாவட்டங்களில் பணியாற்றியவர். அவருடைய மனைவி சரோஜ் நளினி தத், கிராமப் பெண்களுக்கான மகளிர் சமிதிகளைத் தொடங்கி நடத்தியவர். 1925இல் அவர் இறந்த பிறகு, அவர் பெயரில் ஒரு சங்கத்தை நிறுவிப் பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்கக் குருசதய் வழிசெய்தார். வேலை நிமித்தமாகக் கிராமம் கிராமமாகச் சென்ற அவர், மற்ற அதிகாரிகள் ஏறெடுத்தும் பார்க்காத மண்பொம்மை, படச்சுருள், மரச்சிற்பம், காந்தா ஆகியவற்றைச் சேகரித்தார். அவர் சேகரிப்பே 1963இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட குருசதய அருங்காட்சியகத்தின் அடிப்படை.

இரண்டாமவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் (1896-1993). ஆஸ்திரியாவைச் சேர்ந்த கலை வரலாற்று அறிஞரான இவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர், 1939இல் காந்தாவைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து மீண்டும் முழுமையாக்குவதே காந்தாவின் உட்பொருள் என்பது அவர் கருத்து. 1950இல் அமெரிக்கா சென்ற அவர் தம் காந்தாக்களையும் கொண்டுசென்றார். அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. 2009-10இல் அங்கே வங்கக் காந்தாக்களுக்கென்றே ஒரு தனிக் கண்காட்சி நடந்தது.

கல்லறைமேல் ஒரு காந்தா

ஆய்வாளர்களைவிடக் காந்தாவை மக்கள் மனதில் நிறுத்தியவர் ஒரு கவிஞர். 'கிராமியக் கவிஞர்' என்று வங்கம் கொண்டாடும் ஜசிமுதீன், 1929இல் 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக் கவிதையை வெளியிட்டார். படக் காந்தாவின் வயல் என்பது அதன் பொருள். 1939இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

ரூபாய் என்ற உழவனும் சாஜு என்ற பெண்ணும் காதலித்து மணந்துகொள்கிறார்கள். வயலில் ஏற்பட்ட கலவரத்தால் ரூபாய் ஊரைவிட்டுத் தலைமறைவாக நேர்கிறது. காத்திருக்கும் சாஜு, தன் கதையை ஒரு காந்தாவில் தைக்கத் தொடங்குகிறாள். சந்தித்த நாள், திருமணம், சேர்ந்து வாழ்ந்த வீடு, பிரிந்த இரவு என்று ஒவ்வொன்றாகத் தைக்கிறாள். கணவன் வரவில்லை. காந்தா முடியும்போது அவள் உயிரும் முடிகிறது. அந்தக் காந்தாவைத் தன் கல்லறைமேல் விரிக்கும்படி தாயிடம் கேட்டுக்கொள்கிறாள். பிறகு ஒருநாள், அந்தக் கல்லறையருகே காந்தாவைப் போர்த்தியபடி இறந்துகிடக்கும் ஒருவனை ஊரார் காண்கிறார்கள்.

சாஜுவுக்குக் கடிதம் எழுதத் தெரிந்திருந்தாலும் அனுப்ப முகவரி இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் துணியிடம் சொன்னாள். வங்கப் பெண்கள் பல தலைமுறைகளாகச் செய்துவந்ததும் இதுதான். நக்ஷி காந்தா என்ற பெயர் பரவலாக வழக்கில் நிலைத்ததற்கு இந்தக் கவிதை ஒரு பெரிய காரணம் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரிவினையும் மறுமலர்ச்சியும்

1947இல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. காந்தாவின் தாயகமான ஜெசூர், ராஜ்ஷாஹி, ஃபரித்பூர் போன்ற பகுதிகள் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயின. இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு எல்லை கடந்தனர். 1971இல் வங்காளதேச விடுதலைப் போர் நடந்தது. கணவனை இழந்தவர்கள், வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்று ஏராளமான பெண்கள் எந்த ஆதரவும் இல்லாமல் நின்றனர். கையில் தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை. ஆனால் அவர்களில் பலருக்குத் தைக்கத் தெரிந்திருந்தது. அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்ற ஓட்டுத் தையல் கைகொடுத்தது.

தொண்டு நிறுவனங்கள் இந்தத் திறனை வருமானமாக மாற்ற முயன்றன. பிராக் அமைப்பு 1978இல் தொடங்கிய ஆரோங் கடைகள் கிராமப் பெண்களின் கைவேலையை நகரங்களில் விற்றன. ஜமால்பூர் காந்தாத் தொழிலின் முக்கிய மையமாக வளர்ந்தது. ஓவியர் சுரையா ரஹ்மான், ஏழைப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, சுவரில் மாட்டும் ஓவியம் போன்ற காந்தாக்களை உருவாக்கினார். 1981இல் நியாஸ் ஜமான் எழுதிய நூல் காந்தாவைப் பற்றிய முக்கிய ஆய்வுகளில் ஒன்று.

மேற்கு வங்கத்தில் ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனும் அதையொட்டி 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனும் கைத்தொழில்களுக்கு உயிரூட்டின. பிற்காலத்தில் போல்பூரைச் சுற்றிய பீர்பூம் கிராமங்களில் காந்தாப் புடவைத் தொழில் பரவியது. 2008இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளதேசத்தில் அதற்கான சட்டமே 2013இல்தான் வந்தது என்பதால், எங்கள் பாட்டிமார் தைத்தது உங்களுடையதா என்ற மனக்குறை அங்கே எழுந்தது. ஒரே போர்வையை இரண்டு நாடுகள் இழுத்தால் என்ன செய்வது? தைத்த பெண்களுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. காந்தாக் கலைஞர்களான பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கிடைத்ததும் இழந்ததும்

இன்று கடைகளில் 'காந்தா' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பழைய பொருளில் காந்தா அல்ல. அது புதுப் பட்டுத்துணியில் ஒரே அடுக்கில் போட்ட பூத்தையல். வடிவத்தை ஒருவர் வரைந்து துணியில் படியெடுத்துத் தருகிறார். கிராமத்துப் பெண் அந்தக் கோட்டின்மேல் தைக்கிறார். அவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. யாருக்காகத் தைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. புடவையை உடுத்துபவருக்கும் தைத்தவர் யார் என்று தெரியாது. பழைய காந்தாவில் மரத்தின் அருகே மீனையும் சீப்பையும் வைத்தது தைத்தவரின் விருப்பம். இப்போது அந்த விருப்பத்துக்கு இடம் குறைவு. செயற்கை இழைப் புடவைகள் வந்த பிறகு அடுக்கித் தைக்க ஏற்ற பழம்பருத்தியும் வீடுகளில் அரிதாகிவிட்டது.

அப்படியானால் மறுமலர்ச்சி என்று சொன்னதெல்லாம் பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கூலியில்லாத அன்பு அழகானதுதான். ஆனால் கூலியில்லாத உழைப்பைப் பெருமையாகப் பேசுவது, அதைச் செய்யாதவர்களுக்கு எளிது. பழைய காந்தாவைத் தைத்த பெண்ணுக்கு வீட்டில் மரியாதை இருந்திருக்கலாம், கையில் காசு இருந்ததில்லை. இன்று போல்பூரிலும் ஜமால்பூரிலும் தையல் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். ஊசியை எழுதுகோலாக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இதை இழப்பு என்று யார் சொல்வார்?

எனவே கேள்வி, காந்தா விற்கப்படலாமா என்பது அல்ல. விற்கும்போது தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா, அவருடைய பெயர் துணியோடு போகிறதா, அவர் மனதில் தோன்றிய ஒரு பூவுக்காவது அந்தத் துணியில் இடம் இருக்கிறதா என்பதுதான். மானதாசுந்தரி தந்தைக்குத் தைத்த காந்தாவில் தன் பெயரையும் விடாமல் தைத்தார். அவருக்கு இருந்த அந்த உரிமை இன்று கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கும் இருக்க வேண்டும்.

நிறைவாக

காந்தாவைப் போன்ற அடுக்குத் தையல் வங்கத்துக்கு மட்டும் உரியது அல்ல. பீகாரில் சுஜனி, மகாராட்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி, சிந்துவில் ரல்லி என்று பல பெயர்களில் பழந்துணியைப் பெண்கள் போர்வையாக்கி வந்திருக்கிறார்கள். நெய்தவர் உழைப்பும் பருத்தி விளைவித்தவர் உழைப்பும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒருமுறை உடுத்திவிட்டுத் துணியைத் தூக்கியெறியும் இந்தக் காலத்தில் அந்த எண்ணத்துக்கு இன்னும் மதிப்பு கூடுகிறது.

மூன்று பேர் உடுத்திக் கிழித்த துணிகள் ஒரு காந்தாவில் ஒன்றாகின்றன. பாட்டியின் வேட்டியுடுத்திய கணவர், அம்மா, அத்தை என்று யாருடைய துணி எந்த அடுக்கில் இருக்கிறது என்று போர்த்திக்கொள்பவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோருடைய வெதுவெதுப்பும் அதில் இருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன நம் முன்னோர் கந்தையிலும் மானத்தைக் கண்டார்கள். வங்கத்துப் பெண்கள் அதே கந்தையில் ஒரு தாமரையையும் மலர வைத்தார்கள்.